கெலிண்டான்

அப்பாவின் லோரியில் அந்தப் பெட்டியைப் பொருத்தியது 2024 நவம்பரில். அன்றிரவு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு நம்ம லோரிக்கு மாமியா ஒருத்தி வந்துட்டா" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கண்ண மூடுனா கத்துறா, கொட்டாவி விட்டா கத்துறா, போன எடுத்தா கத்துறா. சிகரெட் புடிச்சாகூட ஆபீசுக்குப் போட்டுக் குடுத்துர்றா."

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு யார்டுக்குப் போனேன். திரும்பும்போது மழை. முச்சந்திவரை லோரியிலேயே கொண்டுவந்து விட்டார். அப்போதுதான் மாமியாரைப் பார்த்தேன். சிகரெட் பாக்கெட் அளவுதான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணாடியோரமாக, ஒற்றைக் கண்ணோடு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி மங்கலாகச் சில சிவப்புப் புள்ளிகள். யார்டைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அப்பா வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்றை விட்டார். பீப் பீப் என்று காது கிழிந்தது. பிறகு ஒரு பெண் குரல் மலாயில் மிக மரியாதையாகச் சொன்னது: "சீலா பெரெஹாட்." தயவுசெய்து ஓய்வெடுங்கள்.

அப்பா சிரித்தார். "முப்பது வருஷமா லோரி ஓட்டுறேன். ரெஸ்ட் எடுன்னு சொன்ன ஒரே ஆளு இவதான்."

நானும் சிரித்தேன். காலை பத்து மணிக்கு, ஏழு மணி நேரம் தூங்கி எழுந்த மனிதருக்கு ஏன் அவ்வளவு பெரிய கொட்டாவி வருகிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

*

அப்பா ஓட்டுவது கண்டெய்னர் லோரி. காஜாங்கிலிருந்து தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் பூலாவ் இண்டா. துறைமுகத்தில் பெட்டியை ஏற்றி பாங்கி, செமினி, நீலாய் தொழிற்சாலைகளில் இறக்க வேண்டும். காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். ட்ரிப் காசில்தான் குடும்பம் ஓடுகிறது. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரமும் நான்கு மணி நேரமும் ட்ரிப் கணக்கில் வராது.

பதினேழு வயதில், 1986-ல், அப்பா லோரியில் ஏறியது ஓட்டுநராக அல்ல, கெலிண்டானாக. டிங்கில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை, பால்மரம் வெட்டப் பிடிக்கவில்லை. பகாங்கிலிருந்து பலகை ஏற்றி வரும் லோரியில் இடது பக்க இருக்கை கிடைத்தது. கெலிண்டான் என்றால் என்னவென்று என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. லோரி உதவியாளர் என்று சொல்லலாம். கன்வாஸ் கட்டுவது, கயிறு இறுக்குவது, பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "வா வா வா, போதும்" என்று கத்துவது எல்லாம் அவர் வேலை. ஆனால் அப்பா சொல்லும் முக்கியமான வேலை வேறு.

"பேச்சுக் குடுக்கணும். அதான் கெலிண்டானோட மெயின் வேல. ராத்திரி ரெண்டு மணிக்கு காராக் ரோட்டுல எறங்குறப்போ மாமா கழுத்துக்குப் பின்னால சொறிய ஆரம்பிச்சாருன்னா தூக்கம் வருதுன்னு அர்த்தம். கியர் போடுற சத்தம் மாறும். உடனே நான் ஏதாச்சும் கத எடுத்து விடணும். எம்ஜியார் படம், தோட்டத்துச் சண்ட, எதுனாச்சும். அதுக்கும் மசியலன்னா, மாமா எனக்கு ஒண்ணுக்கு வருது, வண்டிய நிப்பாட்டுன்னு சொல்லிருவேன். நமக்கு வராது. ஆனா அவரு எறங்கி மூஞ்ச கழுவிக்குவாருல்ல."

ஓட்டுநரிடம் "உங்களுக்குத் தூக்கம் வருது" என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். சொன்னால் கோபம் வரும். தனக்கு மூத்திரம் வருவதாகச் சொல்லித்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

அப்பா உரிமம் எடுத்துக் கண்டெய்னருக்கு மாறியபோது கெலிண்டான்கள் மறைந்துவிட்டார்கள். கண்டெய்னருக்குக் கயிறும் வேண்டாம் கன்வாஸும் வேண்டாம். ஏற்றுவதும் இறக்குவதும் இயந்திரம். பேச்சுக் கொடுப்பதற்கென்று எந்தத் தவுக்கே சம்பளம் தருவார்? இடது இருக்கை காலியானது. அப்பா அதில் தண்ணீர்ப் போத்தலும் மாற்றுச் சட்டையும் சாமி படமும் வைத்திருந்தார். அந்த இடத்துக்கு இருபத்தைந்து வருடம் கழித்து ஆள் வந்தது. அதுதான் மாமியார்.

*

இந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் இருட்டிலும் கண் தெரியும். பெரும்பாலான கறுப்புக் கண்ணாடிகளையும் ஊடுருவும். முகத்தில் கண்ணிமைகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவை எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதை இடைவிடாமல் அளக்கிறது. சாதாரணமாக நாம் கண் சிமிட்டுவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்குவரைதான். தூக்கம் வரும்போது சிமிட்டல் நீள்கிறது, இமை மெதுவாகத் திறக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வால்ட்டர் வியர்வில் என்ற பேராசிரியரின் குழு இதற்கு ஓர் அளவு வகுத்தது. பெர்க்லோஸ் என்று பெயர். குறிப்பிட்ட நேரத்துக்குள், கண்மணியின் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இமை மூடியிருந்தது எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. இன்றைய பெட்டிகள் பலவற்றுக்கும் பாட்டி அந்தக் கணக்குதான்.

கார் நிறுவனங்கள் இந்த வேலையில் இருபது வருடமாக இருக்கின்றன. 2006-ல் டொயோட்டா தன் லெக்சஸ் காரில் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் கேமரா வைத்தது. 2009-ல் மெர்சிடிஸ் கேமரா இல்லாமலே, ஸ்டியரிங் திருப்பும் விதத்தை வைத்துக் களைப்பைக் கணித்து, முன்பலகையில் ஒரு கோப்பிக் கோப்பையை எரியவிட்டது. 2011-ல் ஃபோர்டு, ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சட்டைத் துணியின் வழியாகவே இதயத்துடிப்பைப் படிக்கும் ஆறு சென்சார்கள் கொண்ட இருக்கையைக் காட்டியது. அது விற்பனைக்கு வரவில்லை. இப்போது மூச்சை அளக்கும் ரேடார், ஸ்டியரிங்கில் மின்முனைகள், உடல் சூட்டுக்கு ஏற்பத் தானே குளிரைக் கூட்டும் ஏசி என்று போகிறது. ஓட்டுநரின் ஆரோக்கியமும் சௌகரியமும் என்று விளம்பரங்களில் அழகாகப் போடுகிறார்கள்.

அப்பாவின் லோரியில் ஏசி ஒழுங்காக வேலை செய்யாது. துறைமுக வரிசையில் மத்தியான வெயிலில் உள்ளே என்ன சூடு என்று எந்த சென்சாரும் அளக்கவில்லை. பெட்டி அவருடைய கண்ணை மட்டும் அளந்தது. அளந்ததை சிம் கார்டு வழியாக அலுவலகத்துக்கு அனுப்பியது, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பத்து விநாடி வீடியோவோடு.

கூட வேலை செய்யும் சீன அங்கிள் ஒருவருக்குச் சிரித்தாலே அலாரம் அடிக்கும் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் நம்பவில்லை. பிறகு படித்தேன். 2022-ல் சீனாவிலேயே ஒருவர், தன் கண்கள் சிறியவை என்பதால் தான் தூங்குவதாகக் கார் நினைத்துக்கொள்கிறது என்று புகார் செய்து அது பெரிய செய்தியாகியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். மூன்று விநாடி கண் மூடினால் 75 மீட்டர். பெட்டியும் சரக்குமாக முப்பது டன்னுக்கு மேல் இருக்கும் ஒரு வண்டி, ஓட்டுநரே இல்லாமல் 75 மீட்டர் போகிறது. எனக்கு முன்னால் போகும் காரில் இருப்பவர்களை நினைத்தால் அந்தப் பெட்டியைக் கும்பிடத்தான் தோன்றும்.

*

2025 பிப்ரவரியில் முதல் கடிதம் வந்தது. மார்ச்சில் இன்னும் இரண்டு. ஓட்டும்போது கவனக்குறைவு என்று காரணம். மாதப் பாதுகாப்புப் படி 200 வெள்ளி பிடித்தம். மூன்றாவது கடிதத்தில், தொடர்ந்தால் வேலை நீக்கம் என்றிருந்தது.

அப்பா மாமியாரை வெல்லப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டார், பலிக்கவில்லை. தொப்பியை இறக்கிவிட்டார், முகம் தெரியவில்லை என்று கத்தியது. ஒருநாள் லென்ஸ் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். அரை மணி நேரத்தில் ஆபீஸ் கிராணி போன் செய்துவிட்டார். அப்பா வீட்டில் கத்தினார். "கண்ண மூடுனா தெரியிது. கேட்டுல நாலு மணி நேரம் நிப்பாட்டி வெச்சது தெரியலியா? அவ ரெஸ்ட் எடு ரெஸ்ட் எடுன்றா. ரெஸ்ட் எடுக்க ஓரங்கட்டுனா, ஏன் லோரி நிக்கிதுன்னு கிராணி போன் அடிக்கிறான். நான் யாரு பேச்சக் கேக்குறது?"

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. நான் கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கோபம் வந்தால் எக்செல் திறக்கும் சாதி. கடிதங்களோடு இணைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தேதியும் நேரமும் இருந்தன. நான்கு மாதத்தில் 214 எச்சரிக்கைகள். துறைமுகக் காத்திருப்பால்தான் அப்பா களைத்துப் போகிறார் என்று நிரூபித்து ஒரு பதில் கடிதம் எழுதுவது என் திட்டம்.

கணக்கு அப்படி வரவில்லை. மனித உடலுக்கு இரண்டு தூக்கப் பள்ளங்கள் உண்டு. பின்னிரவு ஒன்று, மத்தியானம் இரண்டு மணியை ஒட்டி ஒன்று. மத்தியானத்தில் எச்சரிக்கைகள் நிறைய இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்குச் சமமாகக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள்ளும் இருந்தன. முந்தின நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கிய நாள்களிலும் இருந்தன. திங்கட்கிழமைகளில்கூட இருந்தன.

அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு அட்டவணை புரியவில்லை. நான் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, வெங்காயம் உரித்தபடியே சொன்னார்: "தூங்குனாருன்னு யாரு சொன்னா? ராத்திரி பூரா குறட்ட. நடுவுல மூச்சு நின்னுரும். நான் தட்டி விடுவேன். அப்புறம் ஹா-ன்னு ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டுத் திரும்பிப் படுப்பாரு."

"மூச்சு நிக்குமா? எத்தன நாளா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

அப்பாவின் குறட்டை எங்கள் வீட்டு நகைச்சுவை. தம்பி அதைப் போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். சித்தப்பா வீட்டில் தங்கினால் அப்பாவுக்கு ஹால்தான். அதற்குள் நின்றுபோகும் மூச்சு ஒன்று இருப்பதை அம்மா மட்டும், இருபத்தேழு வருடமாக, பாதித் தூக்கத்தில் கையை நீட்டிக் கவனித்து வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

*

ஸ்லீப் அப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். எழுந்தது அவருக்கே தெரியாது. மணிக்கு முப்பது தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையானது என்பார்கள். ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் உடல் தூங்கியிருக்காது. இந்த நோயுள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு 44. தையல் அளவு நாடாவை வைத்து நானே அளந்தேன். உரிமத்துக்காக அவர் எத்தனையோ முறை மருத்துவச் சோதனைக்குப் போயிருக்கிறார். ரத்த அழுத்தம், சிறுநீர், கண் எல்லாம் பார்த்தார்கள். குறட்டை விடுவீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லையாம்.

ஏப்ரலில் என் சேமிப்பிலிருந்து பணம் கட்டி, வீட்டிலேயே செய்யும் சோதனைக் கருவியை வாங்கி வந்தோம். மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி. "இவ ரெண்டாவது மாமியா" என்றார் அப்பா. முடிவு வந்தது. மணிக்கு 43 தடவை. ஆக்சிஜன் இறங்கிய அடிமட்டம் 74 விழுக்காடு. இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவி வேண்டும், அதுவரை கனரக வாகனம் ஓட்டக்கூடாது என்றார் மருத்துவர். கருவி ஐயாயிரம் வெள்ளியை நெருங்கும்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் இறக்கி விடுவார்கள், ட்ரிப் காசு போய்விடும். தம்பி சிந்தோக்கில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக் கடன் இன்னும் நான்கு வருடம். "கருவி வாங்கற வரைக்கும் பொறு, ம்மா. ரெண்டு மாசம். நான் பாத்து ஓட்டிக்கிறேன்" என்றார் அப்பா. அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். வீட்டில் அந்த அறிக்கையைப் புரிந்து படித்தவள் நான் ஒருத்திதான். மணிக்கு 43 என்றால் என்னவென்று தெரிந்தேதான் சரி என்றேன்.

மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் ஒரு லோரி மோதி, கலகத் தடுப்புப் படையைச் சேர்ந்த ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் லோரிக்காரர்களைத் திட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தேநீர் குடிப்பதாகச் சொன்னார். அன்றும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு காஜாங் சென்ட்ரலுக்குப் பக்கம். அங்கேதான் மிரோஸ் இருக்கிறது, மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம். 2007-ல் தொடங்கியது. நாட்டின் பெரிய விபத்துகளை ஆராய்வது அவர்கள்தான். தென்கிழக்காசியாவில் விற்கும் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் ஆசியான் என்கேப் அமைப்புக்கும் அதுதான் தலைமையிடம். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஏதோ அரசாங்க ஆபீஸ் என்பதற்கு மேல் நினைத்ததில்லை. அந்த மே மாதம் முழுக்க அதைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே இருப்பவர்கள் ஆராயும் விபத்து அறிக்கை ஒன்றின் முதல் பக்கம் என் மேசை இழுப்பறையில் இருப்பதுபோல் இருந்தது.

ஜூன் 9ஆம் தேதி பின்னிரவில் கெரிக் சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் இறந்தார்கள். இந்த இரண்டு விபத்துகளின் காரணங்களும் வேறு. அப்பாவின் நோய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அன்று காலை டிவியில் மருத்துவமனை வாசலில் நின்ற பெற்றோர்களைக் காட்டியபோது அப்பா பசியாறாமல் எழுந்துவிட்டார். தம்பியும் பெருநாள் விடுமுறைகளில் அப்படித்தான் ராத்திரி பஸ்ஸில் வருவான்.

"அந்த டாக்டர் லெட்டர எடு" என்றார்.

"எதுக்குப்பா?"

"எங்கூட கெலிண்டான் இருந்திருந்தா இன்னேரம் வண்டிய நிப்பாட்டியிருப்பான்."

என்னைக் குத்திக் காட்டவில்லை. அவர் சுபாவம் அது இல்லை. ஆனால் அந்த இடது இருக்கையில் ஐந்து வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

*

மேற்பார்வையாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தாராம். கெட்ட மனிதர் இல்லை. "ஏன் முன்னமே சொல்லல?" என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

"நீங்கதான் பாஸ் பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. 214 வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் முகம். எங்களுக்கு முன்பே, மருத்துவருக்கு முன்பே, அந்த நோயின் வரைபடம் அந்த அலுவலகக் கணினியில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் தேடியது யாருக்குப் படி பிடிப்பது என்பதை. இந்த மனிதர் ஏன் காலை பத்து மணிக்குத் தூங்கி விழுகிறார் என்ற கேள்வி அந்த மென்பொருளில் எந்தப் பொத்தானிலும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து பதிவாகும் புதிய கார், லோரி, பேருந்து எல்லாவற்றிலும் தூக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஆனால் வண்டியோடு வரும் அந்தக் கருவி தேவைக்கு மேல் எதையும் பதிந்து வைக்கக்கூடாது, மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக்கூடாது, கணித்து முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். எச்சரிக்கை ஓட்டுநருக்கும் வண்டிக்கும் இடையில் முடிந்துவிடும், கெலிண்டான் கதை சொல்வதுபோல. அங்கே லோரி ஓட்டுநரின் நேரத்தையும் கருவி அளக்கிறது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, பொதுவாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நேரத்தை அளந்தால் கேள்வி முதலாளியிடமும் போகும். கண்ணை மட்டும் அளந்தால் ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது.

நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுட்பமான தரவு என்கிறது. 2024-ல் வந்த திருத்தம் உடல் அடையாளத் தரவுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பது விதி. அப்பா சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், கீழே அவர் கையெழுத்து. கிராணி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டது.

அழிக்கச் சொல்லிக் கேட்கிறேனா, வைத்திருக்கச் சொல்லிக் கேட்கிறேனா என்று எனக்கே குழப்பம் வந்தது உண்மை. ஐரோப்பாவில்போல உடனுக்குடன் அழிந்திருந்தால் எனக்கு அந்தப் பட்டியல் கிடைத்திருக்காது. அப்பா இன்னும் மணிக்கு 43 தடவை செத்துப் பிழைத்துக்கொண்டு ரோட்டில் இருந்திருப்பார். அப்பாவை அவமானப்படுத்திய அதே கணக்குதான் அவரைக் காப்பாற்றியது. யோசித்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: அந்தப் பட்டியல் முதலில் அப்பாவின் கைக்கு வந்திருக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், படிப் பிடித்தம் இல்லாமல், மருத்துவரிடம் போக ஒருநாள் சம்பள விடுப்போடு. முதல் மாதத்திலேயே அப்படி வந்திருந்தால் டேப் ஒட்டியிருக்க மாட்டார். நாங்களும் ஒளித்திருக்க மாட்டோம். சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறவரின் உடலை எத்தனை சென்சார் வைத்து அளந்தாலும், அவர் அதை ஏமாற்றத்தான் வழி தேடுவார்.

*

அப்பாவைச் சாலையிலிருந்து எடுத்து யார்டில் போட்டார்கள். கண்டெய்னர் எண் குறிக்கும் வேலை. வருமானம் பாதியானது. அம்மா வார இறுதிகளில் தாமானில் புட்டும் இடியாப்பமும் விற்றார். சிபேப் கருவியைத் தவணையில் எடுத்தோம். முகமூடியை முதல் வாரம் அப்பா தூக்கத்தில் பிடுங்கி எறிந்தார். பிறகு பழகிவிட்டது. அதற்குள்ளும் ஒரு அட்டை இருக்கிறது, எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று பதிவாகும். ஒரு இரவுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டுமாம். அப்பாவுக்குச் சராசரி ஆறரை. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் திரும்ப ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அக்டோபரில் அப்பா மறுபடியும் ஸ்டியரிங் பிடித்தார். அதே மாதம்தான் கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி கட்டங்கட்டமாக அமலுக்கு வர ஆரம்பித்தது. "கழுத்துக்கு ஒருத்தி, காலுக்கு ஒருத்தி, மூக்குக்கு ஒருத்தி" என்று அப்பா எண்ணிக் காட்டினார். மாமியார் இன்னும் அதே இடத்தில் இருக்கிறாள். காலையில் கத்துவதில்லை. மத்தியானத்தில் எப்போதாவது. அடுத்தடுத்து மூன்று முறை கத்தினால், அந்த மேற்பார்வையாளர் இப்போது தானே போன் செய்து, "ஓரங்கட்டி இருபது நிமிஷம் படு, நான் கேட்டுல சொல்லிக்கிறேன்" என்கிறாராம். அது கம்பெனி விதியல்ல, அந்த ஒரு மனிதரின் பழக்கம். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டில் இப்போது குறட்டைச் சத்தம் இல்லை. முகமூடியிலிருந்து மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். தம்பி விடுமுறைக்கு வந்தபோது வீடு வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்றான்.

போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி மூன்று இருக்கும். அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாம்மா, தூங்கலியா?"

"சத்தமே இல்ல. முழிப்பு வந்துருச்சி" என்றார். அவர் கை அப்பாவின் நெஞ்சின் மேல் இருந்தது.